பாய்மரப் படகின் குடிநீர்த் தொட்டி: கசிவைக் கண்டறிதலும் அடைத்தலும்

காட்பாடியிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் பாகாலா என்னும் சந்திப்பு நிலையம் உள்ளது. அவ்வூரை அடுத்த குன்றுகளில் தோன்றும் சுவர்ணமுகி ஆறு, திருப்பதிப் பகுதியையும் காளத்தியையும் கடந்து வங்காள விரிகுடாவில் கலக்கிறது. மழைக்காலம் நீங்கலாக மற்ற மாதங்களில் இவ்வாறு பெரும்பாலும் மணற்பரப்பாகவே காட்சியளிக்கும். ஆகவே நீரை அளந்து செலவிடுதல் இவ்வட்டாரத்தாருக்குப் புதிதன்று. ஆறு சென்று சேரும் கடலிலோ நீருக்கு அளவில்லை. எனினும், அக்கடலில் பாய்மரப் படகு செலுத்துவோரும் குடிநீரை அளந்தே செலவிட வேண்டியவராவர். கடல் நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. அதைக் குடிப்பவரின் சிறுநீரகம் அவ்வுப்பை வெளியேற்றும் பொருட்டு உடலில் உள்ள நீரையும் சேர்த்து இழக்க நேரிடுகிறது. குடித்த நீரினும் இழந்த நீரே மிகுதியாகும்.

கரையை விட்டு நீங்கிய படகில் குடிநீர்த் தொட்டி கசியத் தொடங்கினால் என்ன செய்வது? கசிவு எங்கே உள்ளது என்பதை எவ்வாறு காண்பது? எவ்வாறு அடைப்பது? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இங்குக் கூறப்படும் முறைகள் யாவும் பள்ளிக்கூடத்து மாடித் தொட்டிக்கும் சிற்றூர்க் குடிநீர்த் தொட்டிக்கும் பொருந்துவன. எனவே உள்நாட்டில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் இவை பயன்படும்.

சிறு துளியின் கணக்கு

கசிவு என்றதும் பெருவெள்ளம் எவர் மனத்திலும் தோன்றுவதில்லை. சொட்டும் துளியே நினைவிற்கு வரும். அத்துளியைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஏறத்தாழ 20 துளிகள் சேர்ந்து ஒரு மில்லிலிட்டர் ஆகும். விநாடிக்கு ஒரு துளி வீதம் சொட்டினால் ஒரு நாளில் 86,400 துளிகள், அதாவது 4.3 லிட்டர் நீர் வீணாகும். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மட்டும் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 3 லிட்டர் தேவையென்று கொண்டால், படகில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பயணி ஏறிக்கொண்டு மற்றவரினும் மிகுதியாக நீர் அருந்தி வருவதற்கு இது சமமாகும். நாற்பது நாள் பயணத்தில் இழப்பு 170 லிட்டரைத் தாண்டும்.

துளை சற்றே பெரியதாயின் நிலைமை இன்னும் கடுமையாகும். நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை இருந்து, மட்டமும் குறையாமல் இருக்குமாயின், அதன் வழியே நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் வெளியேறும். குண்டூசி அளவே உள்ள துளை ஒரு தொட்டியைச் சில நாட்களில் வெறுமையாக்கிவிடும் என்பது இதனால் விளங்கும்.

பம்பாயில் பிறந்த ஒரு படகின் அனுபவம்

இப்பொருளுக்கு நம் நாட்டோடு தொடர்புடைய சிறந்த சான்று ஒன்று உண்டு. 'சுஹைலி' என்னும் 32 அடி நீளமுள்ள பாய்மரப் படகு பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு, 1964ஆம் ஆண்டில் நீரில் இறக்கப்பட்டது. இப்படகில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேய மாலுமி 1968ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் இங்கிலாந்தின் பால்மவுத் துறைமுகத்திலிருந்து தனியராகப் புறப்பட்டார். எத்துறையிலும் தங்காமல் உலகைச் சுற்றி, 1969ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், அதாவது 312 நாட்களுக்குப் பின், அதே துறைமுகத்தை அடைந்தார். இவ்வாறு தனியொருவராக இடைநில்லாமல் உலகைச் சுற்றியவர்களில் இவரே முதல்வர். அப்போட்டியில் புறப்பட்ட ஒன்பது பேரில் பயணத்தை முடித்தவரும் இவர் ஒருவரே.

இப்பயணத்தில் படகு இருவகைத் தொல்லைகளுக்கு உள்ளாயிற்று. தொடக்கத்திலேயே அடிப்பாகத்துப் பலகைகளின் இணைப்பு வழியாகக் கடல் நீர் உட்புகுந்தது. நாக்ஸ்-ஜான்ஸ்டன் நீரில் மூழ்கி, அவ்விணைப்புகளுக்குக் கலப்பற்று அடித்தார். பலகை இடுக்குகளில் நூற்பஞ்சு திணித்து நீர் புகாமல் செய்யும் தொழிலுக்கு நம் கடற்கரையில் வழங்கும் பெயர் அது. அதன்மேல் கித்தான் துணியும் செப்புத் தகடும் வைத்து வெளிப்புறத்தில் ஆணி அறைந்தார். பின்னர்த் தென் கடலில் புயலலை ஒன்று படகைப் புரட்டியபோது வேறு தொல்லை நேர்ந்தது: குடிநீர்த் தொட்டிகளில் இருந்த நீர் கெட்டு, குடிக்கத் தகாததாயிற்று. தனிக் கலங்களில் வைத்திருந்த நீரையும், பாய்களில் பிடித்த மழை நீரையும் கொண்டே அவர் எஞ்சிய பயணத்தை நடத்த வேண்டியதாயிற்று.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, நீர் எந்தப் பக்கத்திலிருந்து தள்ளுகிறதோ அந்தப் பக்கத்தில் வைத்த ஒட்டே நிலைக்கும். படகின் வெளிப்புறத்தில் அறைந்த தகட்டைக் கடல் நீரே அழுத்திப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது, குடிநீர் முழுவதையும் ஒரே இடத்தில் வைத்தலாகாது. இவ்விரண்டும் கீழே மீண்டும் வரும்.

தொட்டி ஏன் கசிகிறது?

இக்காலப் படகுகளில் துருவேறா எஃகு, அலுமினியம், பாலிஎத்திலீன் பிளாஸ்டிக், கண்ணாடி இழை ஆகியவற்றால் செய்த தொட்டிகள் வழக்கில் உள்ளன. ஒவ்வொன்றும் தன் தன் முறையில் பழுதடைகிறது.

எல்லாவற்றுக்கும் பொதுவான காரணம் நீரின் அலைச்சலாகும். 200 லிட்டர் கொள்ளும் தொட்டி பாதி நிரம்பியிருந்தால் 100 கிலோகிராம் எடையுள்ள நீர் அதனுள் இங்குமங்கும் மோதுகிறது. படகு ஆறு விநாடிக்கு ஒருமுறை ஆடுவதாகக் கொண்டால், நாளொன்றுக்கு 14,400 முறை இம்மோதல் நிகழும். ஆகையால்தான் தொட்டியினுள் துளையிட்ட குறுக்குத் தடுப்புகள் வைக்கப்படுகின்றன. தொட்டியின் பற்றவைப்புகளும் மூலைகளும் முதலில் விரிசல் காண்பதும் இக்காரணத்தாலேயே.

துருவேறா எஃகின்மேல் குரோமியம் ஆக்ஸைடு என்னும் மெல்லிய படலம் உண்டு. அதைக் காப்பது காற்றிலுள்ள ஆக்ஸிஜனே. ஈரமான மரப்பலகைமீது தொட்டி அமர்ந்திருக்கும்போது, இடுக்கில் ஆக்ஸிஜன் எட்டாமலும் உப்பு தங்கியும் இருப்பதால், படலம் சிதைந்து ஊசித் துளைகள் விழுகின்றன. 'துருவேறா' என்னும் பெயரை நம்பி அடிப்புறத்தைப் பார்க்காமல் விடுதல் தவறு. அலுமினியத் தொட்டியில் செம்பு அல்லது பித்தளைப் பொருத்துகள் நேரே தொட்டிருந்தால், அவ்விடத்தில் அலுமினியம் விரைவில் அரிக்கப்படும். பாலிஎத்திலீன் அரிக்கப்படுவதில்லை, ஆனால் திருகுப் பொருத்துகளை அளவுமீறி முறுக்கினால் அவற்றைச் சுற்றி வெடிப்பு ஏற்படும்.

இன்னொன்றையும் கருத வேண்டும். கசிவு பலமுறை தொட்டியிலேயே இருப்பதில்லை. குழாய் இணைப்பின் கிளிப், சோதனை மூடியின் ரப்பர் வளையம், நீர் நிரப்பும் வாய், காற்றுப் போக்குக் குழாய், பம்பு ஆகியவை தொட்டிச் சுவரைக் காட்டிலும் எளிதில் தளரக்கூடியவை. எனவே தொட்டியைக் கழற்றுவதற்கு முன் இவற்றைச் சோதித்தல் முறையாகும்.

கண்டறியும் படிகள்

கசிவைத் தேடுபவர் கையில் முதலில் இருக்க வேண்டியது ஒட்டுப்பசையன்று. கடிகாரமும் அளவுகோலும் குறிப்பேடுமே. காணாமல் அடைப்பது, கண்ட இடமெல்லாம் பசை பூசுவதில் முடியும். பசை பூசிய இடத்தில் பின்னர் உண்மையான துளையைக் காண்பதும் அரிதாகும். கீழ்க்காணும் வரிசையில் ஒவ்வொரு ஐயத்தையும் நீக்கிச் செல்லுதல் நன்று.

முதற்படி: அடிக்குழியில் தேங்கிய நீர் எது என்று அறிதல். படகின் அடிப்பகுதியில் நீர் தேங்கியிருப்பது கண்டால், அது கடல் நீரா, குடிநீரா, மழை நீரா, குளிர்ந்த சுவர்களில் படிந்து வழிந்த ஈரமா என்பதை முதலில் தெளிய வேண்டும். அடிக்குழியில் எண்ணெயும் அழுக்கும் கலந்திருக்குமாதலால் நாவால் சுவைத்துப் பார்த்தல் கூடாது. தொட்டி நீர், கடல் நீர், அடிக்குழி நீர் ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு தேக்கரண்டி எடுத்துத் தனித்தனிக் கண்ணாடித் தட்டுகளில் வெயிலில் உலர்த்துக. கடல் நீர்த் தட்டில் வெண்மையான உப்பு தடிப்பாகப் படியும். குடிநீர்த் தட்டில் மெல்லிய படலமே காணப்படும். அடிக்குழி நீர் எதை ஒத்திருக்கிறது என்று பார்த்தால் போதும். பள்ளி ஆய்வுக்கூடம் அருகிலிருப்பின், வெள்ளி நைட்ரேட்டுக் கரைசல் சில துளிகள் சேர்த்தும் பார்க்கலாம். கடல் நீரில் தயிர் போன்ற வெண்மையான வீழ்படிவு உடனே தோன்றும். கிணற்று நீரிலும் சிறிதளவு குளோரைடு இருப்பதால் சற்றே பால் நிறம் காட்டும். ஆதலால் தொட்டி நீரை ஒப்பிடாமல் முடிவு கூறலாகாது.

இரண்டாம் படி: பம்புக்கு முன்னா, பின்னா என்று பிரித்தல். பல படகுகளில் குழாயைத் திறந்தவுடன் தானே இயங்கும் மின்பம்பு உண்டு. எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, பம்புக்கு மின்சாரம் கொடுத்தபடியே அமைதியாக அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். எவரும் நீர் எடுக்காதபோது பம்பு தானே ஓடி நின்றால், பம்புக்குப் பின்னுள்ள குழாய்த் தொகுதியில் கசிவு இருக்கலாம். அல்லது பம்பின் தடுப்பிதழ் தேய்ந்து நீர் மீண்டும் தொட்டிக்கே திரும்பிக்கொண்டிருக்கலாம். பின்னதாயின் நீர் வீணாவதில்லை. பம்பு ஓடவில்லையெனில், ஐயம் தொட்டியின் பக்கம் திரும்புகிறது.

மூன்றாம் படி: மட்டச் சோதனை. படகு துறையில் அசையாமல் நிற்கும்போது தொட்டியை நிரப்பி, வெளிவழி அடைப்பானை மூடி, நீர்மட்டத்தை அளவுகோலால் குறித்து வைக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் எவரும் நீர் எடுக்கலாகாது. இரண்டு மணிக்கு ஒருமுறை மட்டத்தை அளந்து எழுதுக. மட்டம் குறையாவிட்டால், தொட்டிச் சுவர் பழுதற்றது எனலாம். குறைந்துகொண்டே சென்று ஓரிடத்தில் நின்றுவிட்டால், துளை அந்த உயரத்திலேயே உள்ளது. எந்த விலையுயர்ந்த கருவியும் இல்லாமல் நீரே தன் வாயால் இடத்தைச் சொல்லிவிடுகிறது. துளையை நெருங்கும்போது கசிவின் வேகம் குறைந்துகொண்டே வரும் என்பதையும் நினைவிற்கொள்க. பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி கண்ட விதிப்படி, வெளிப்படும் நீரின் வேகம் துளைக்கு மேலுள்ள நீரின் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். உயரம் நான்கில் ஒன்றானால் வேகம் பாதியாகும். எனவே கடைசி அளவீடுகளில் பொறுமை வேண்டும்.

துறையில் நிற்கும்போது குறையாத மட்டம், படகு காற்றில் சாய்ந்து ஓடும்போது மட்டும் குறையுமானால், பழுது தொட்டியின் மேற்பாகத்தில் இருத்தல் வேண்டும். மூடியின் ரப்பர் வளையம், நிரப்பும் குழாய், காற்றுப் போக்கு ஆகியவை படகு சாயும்போதே நீரில் மூழ்குகின்றன.

நான்காம் படி: இடத்தைக் கண்ணால் காணுதல். உயரம் தெரிந்தபின் அம்மட்டத்தைச் சுற்றியுள்ள பற்றவைப்புகளையும் பொருத்துகளையும் துணியால் துடைத்து உலர்த்தி, சுண்ணக்கட்டித் தூளைத் தூவுக. ஈரம் பட்ட இடத்தில் தூள் கருமையாகிக் கோடு போடும். கீழே நாளிதழ்த் தாளை விரித்து வைத்தால் துளி விழும் இடமும் தெரியும். ஆனால் துளி விழும் இடமே துளையிருக்கும் இடம் என்று கொள்ளலாகாது. நீர் சட்டங்களின் வழியே நெடுந்தூரம் ஊர்ந்து சென்று வேறோரிடத்தில் சொட்டும். ஈரக் கோட்டின் மேல்முனை வரை பின்தொடர்ந்து செல்ல வேண்டும். நீரோடு உணவுச் சாயம் சிறிது கலந்தால் பின்தொடர்வது எளிதாகும்.

ஐந்தாம் படி: காற்றழுத்தச் சோதனை. மேற்கூறியவற்றால் இடம் புலப்படாவிட்டால், தொட்டியை வெறுமையாக்கி, வாய்களை அடைத்து, மெல்லிய காற்றழுத்தம் கொடுத்து, வெளிப்புறத்தில் சோப்பு நீர் பூசினால், துளையில் குமிழி எழும். இங்கு மிகுந்த எச்சரிக்கை தேவை. ஒரு மீட்டர் உயர நீரின் அழுத்தம் சிறிதென்றே தோன்றும். ஆனால் ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள தட்டையான சுவரில் அது ஒரு டன் எடைக்கு ஒப்பான விசையைச் செலுத்துகிறது. சைக்கிள் பம்பினால் கவனமின்றி ஊதினால் தொட்டி உப்பி, பற்றவைப்பு பிளந்துவிடும். ஆகவே ஒளிபுகும் குழாயை U வடிவில் வளைத்து நீர் ஊற்றி, அதையே அழுத்தமானியாகத் தொட்டியோடு இணைத்து, இருபுற நீர்மட்டங்களின் வேறுபாடு 30 செ.மீ.க்கு மேற்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடைக்கும் முறை

நடுக்கடலில் கசிவு தெரிந்தால், முதற்செயல் அடைப்பதன்று, நீரைக் காப்பதே. துளையின் உயரத்துக்குக் கீழே மட்டம் இறங்கும்வரை நீரை வேறு கலங்களுக்கு மாற்றுக. துளை தொட்டியின் ஒரு பக்கத்தில் இருந்தால், அப்பக்கம் மேலே இருக்குமாறு படகு சாய்ந்து ஓடும் திசையைச் சிறிது காலம் தெரிந்துகொள்வதும் உண்டு. பின்னர் ரப்பர்த் துண்டும் பலகையும் வைத்து முட்டுக்கொடுத்தோ, ஈரத்திலும் இறுகும் எப்பாக்ஸிப் பசையாலோ தற்காலிகமாக அடைக்கலாம்.

நிலையான செப்பம் தொட்டியின் பொருளைப் பொறுத்தது. மூடியின் ரப்பர் வளையமும் குழாய்க் கிளிப்பும் புதியன மாற்றினால் போதும். எஃகிலும் அலுமினியத்திலும் உள்ள வெடிப்பை, தொட்டியை வெளியே எடுத்து, தேர்ந்த தொழிலாளியைக் கொண்டு பற்றவைத்தல் வேண்டும். துருவேறா எஃகில் ஊசித் துளைகள் பல இருப்பின், ஒன்றை அடைக்க மற்றொன்று திறக்கும். அந்நிலையில் தொட்டியை மாற்றுவதே சிக்கனமாகும். கண்ணாடி இழைத் தொட்டியை உட்புறம் தேய்த்து, நன்கு உலர்த்தி, எப்பாக்ஸியும் இழைத்துணியும் கொண்டு ஒட்டலாம். பாலிஎத்திலீனில் சாதாரணப் பசைகள் பிடிப்பதில்லை. அதே பிளாஸ்டிக்கை உருக்கிப் பற்றவைத்தலே ஏற்றது.

எவ்வகையாயினும், ஒட்டு தொட்டியின் உட்புறத்தில் அமைதல் சிறப்பு. 'சுஹைலி'யின் வெளிப்புறத்தில் அறைந்த தகட்டைக் கடல் நீர் அழுத்திப் பிடித்ததுபோல, உள்ளே வைத்த ஒட்டைத் தொட்டி நீர் அழுத்திப் பிடிக்கும். வெளியே வைத்த ஒட்டையோ நீர் உரித்துத் தள்ளும். ஏரிக்கரையின் உட்சரிவில் களிமண் பூசுவதன் தத்துவமும் இதுவே. உட்புறம் பூசும் பொருள் குடிநீருக்கு ஏற்றதென்று சான்று பெற்றதாக இருத்தல் வேண்டும். அது முற்றும் இறுகக் குறித்த நாட்கள் கழியுமுன் நீர் நிரப்பலாகாது. மூடிய அறையில் பசையின் ஆவி தீங்கு செய்யுமாதலால் காற்றோட்டம் இன்றியமையாதது.

செப்பனிட்ட தொட்டியைக் கழுவி, கிருமி நீக்கம் செய்தபின்னரே பயன்படுத்த வேண்டும். கால் பங்கு குளோரின் உள்ள சலவைத்தூளாயின், 100 லிட்டருக்கு 20 கிராம் வீதம் தனி வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் சேர்த்து, 12 மணி நேரம் வைத்திருந்து, முழுவதும் வடித்துவிட்டு, வாடை நீங்கும்வரை நல்ல நீரால் அலசுக. உலோகத் தொட்டியில் குறித்த நேரத்துக்கு மேல் அக்கரைசலை விட்டுவைத்தல் புதிய அரிப்புக்கு வழியாகும். இறுதியாக மட்டச் சோதனையை மறுபடியும் செய்து, மட்டம் நிலைத்து நிற்கக் கண்ட பின்னரே வேலை முடிந்ததென்று கொள்ளலாம்.

பங்கிட்டு வைத்தல்

எவ்வளவு கவனமாகச் செப்பனிட்டாலும், பழுதே நேராத தொட்டி என்று ஒன்றில்லை. ஆகவே நீரை இரண்டு அல்லது மூன்று தொட்டிகளில் பிரித்து, இடையே அடைப்பான்கள் வைத்து, ஒரு சமயத்தில் ஒன்றையே திறந்து பயன்படுத்துவது மாலுமிகள் கைக்கொள்ளும் நெறி. அடைப்பான்கள் எல்லாம் திறந்திருந்தால், மூன்று தொட்டிகளும் ஒரே தொட்டியே; ஒரு துளை மூன்றையும் வெறுமையாக்கும். இவற்றுக்கு மேல் சிறு பங்கு நீர் தனிக் கலங்களில் தொடாமல் இருத்தல் வேண்டும்.

நம் நாட்டு மங்கையரும் இக்காலத்தில் பெருங்கடல்களைத் தாண்டி வருகின்றனர். புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும், கேரளத்தைச் சேர்ந்த தில்னாவும் இந்தியக் கடற்படையின் 'தாரிணி' என்னும் 56 அடிப் பாய்மரப் படகில் 2024ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி, 2025ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் திரும்பினர். இருவர் மட்டுமே செல்லும் படகில் தச்சரும் குழாய்த் தொழிலாளியும் அவ்விருவரே ஆவர். நீரின் கணக்கை அவர்களே வைக்க வேண்டும்.

வகுப்பறையில் செய்யத்தக்கது

பாகாலாவிலோ அதுபோன்ற பிற ஊரிலோ உள்ள ஆசிரியர் இப்பாடத்தைக் கடலுக்குச் செல்லாமலே நடத்தலாம். பள்ளி மாடியில் உள்ள கரிய பிளாஸ்டிக் தொட்டியின் விட்டம் ஒரு மீட்டர் என்று கொள்வோம். அதில் மட்டம் ஒரு செ.மீ. குறைந்தால் ஏறத்தாழ 8 லிட்டர் நீர் போயிற்று என்று பொருள். சனிக்கிழமை மாலையில் வெளிவழியை மூடி மட்டத்தைக் குறித்து, திங்கட்கிழமை காலையில் மாணவரைக் கொண்டு மீண்டும் அளக்கச் செய்க. குறைந்திருந்தால், அவ்வளவையும் அது எத்தனை பேர் குடிக்கப் போதும் என்பதையும் கரும்பலகையில் அவர்களே கணக்கிடட்டும். பிறகு துளையைத் தேடும் பொறுப்பையும் அவர்களிடமே விடலாம். அளந்த பின்னரே தேடுதல், தேடிக் கண்ட பின்னரே அடைத்தல், அடைத்த பின் மறுபடியும் அளத்தல் ஆகிய இம்மூன்றையும் சிறு வயதிலேயே பழகியவர், நாளை ஊர்க் குடிநீர்த் திட்டத்தைக் காத்தாலும், படகேறிக் கடல் கடந்தாலும், நீரின்றித் தவிக்கும் நிலைக்குத் தம்மையும் பிறரையும் ஆளாக்க மாட்டார்.